பொய் விளம்பரமும் நுகர்வோர் சட்டமும்: சேலம், ஏற்காடு பகுதி மக்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் சேலத்தில் நாளிதழை விரிக்கும்போதே நான்கைந்து தள்ளுபடி நோட்டீஸ்கள் மடியில் விழுகின்றன. கைப்பேசியைத் திறந்தால் அதே தள்ளுபடி வேறு வேறு வடிவங்களில் வந்து நிற்கிறது. இவற்றில் பல நேர்மையானவை. நேர்மையற்றவற்றிடம் பணத்தை இழந்தவர்களோ, பெரும்பாலும் "நாம்தான் கவனிக்கத் தவறிவிட்டோம்" என்று தங்களையே நொந்துகொண்டு பேசாமல் இருந்துவிடுகிறார்கள். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. பொருளை விற்பதற்காகச் சொன்ன சொல்லுக்கு விற்றவரே பொறுப்பு என்பதுதான் அதன் நிலை. அந்த நிலையைக் கடைவீதியிலும் இணையத்திலும் எப்படிப் பயன்படுத்திக்கொள்வது என்பதை இக்கேள்வி பதில்கள் விளக்குகின்றன.

தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று சட்டம் எதைக் குறிப்பிடுகிறது?

1986ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக இயற்றப்பட்ட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பது, பொய்யான உத்தரவாதம் அளிப்பது, பொருளின் தன்மை, அளவு, தரம் ஆகியவை குறித்து வாங்குபவர் தவறாக எண்ணும்படி செய்வது, முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதத்தக்க எதையும் வெளிப்படையாகவோ மறைமுகமாகவோ சொல்வது, முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பது ஆகிய அனைத்தும் அச்சட்டத்தின் 2(28) பிரிவில் அடங்கும். கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் சொன்னது பொய்யாக இருந்தால்தான் குற்றம் என்றே பலர் நினைக்கிறார்கள். சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லாமல் விட்டதும் குற்றமே.

விளம்பரம் என்றால் தொலைக்காட்சியில் வருவது மட்டுமன்று. சுவரொட்டி, நோட்டீஸ், இணையப் பக்கம், பொருளின் மேலுறை, லேபிள், கடைக்காரர் கொடுக்கும் பில் ஆகியவையும் சட்டத்தின் பார்வையில் விளம்பரம்தான். அதுபோலவே, விற்பனையாளர் வாய்மொழியாகச் சொன்ன பொய்யும் முறையற்ற வணிக நடைமுறை என்ற வரையறைக்குள் வந்துவிடுகிறது.

"50 சதவீதம் வரை தள்ளுபடி" என்ற பலகையைப் பார்த்து உள்ளே போனால், எதற்கும் 10 சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி இல்லை. இது குற்றமா?

"வரை" என்ற சொல்லைப் பயன்படுத்துவது மட்டுமே குற்றமாகாது. ஆனால், அறிவித்த விலையில் விற்கும் எண்ணமே இல்லாமல், ஆளைக் கடைக்குள் வரவழைப்பதற்காக மட்டும் ஒரு விலையை அறிவிப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று 2019ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இதைத் தூண்டில் விளம்பரமாக வகைப்படுத்தி, அறிவித்த விலையில் விற்பதற்குப் போதிய இருப்பு இருக்க வேண்டும் என்றும், இருப்பு குறைவு என்றால் அதை விளம்பரத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்றும் விதித்திருக்கின்றன. பெயருக்கு இரண்டு சேலைகளைப் பாதி விலையில் தொங்கவிட்டு ஊர் முழுவதும் பலகை வைக்கும் கடை, இந்த விதியின்படி பதில் சொல்லியாக வேண்டும்.

அதே நெறிமுறைகளில் தமிழ் வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விதி ஒன்று உண்டு. ஒரு விளம்பரத்தின் வாக்குறுதி எந்த மொழியில் இருக்கிறதோ, அதற்கான நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில், கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். நோட்டீஸின் நடுவில் பெரிய தமிழ் எழுத்தில் "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்று போட்டுவிட்டு, அடி விளிம்பில் கடுகளவு ஆங்கில எழுத்தில் நிபந்தனைகளை அடுக்குவது எவ்வளவு பழகிப்போன வழக்கம் என்பதை நாம் அறிவோம். அது விதிமீறல். மேலும், பொய்யான வாக்குறுதியை நிபந்தனை ஒன்றைச் சேர்த்து மெய்யாக்கிவிடவும் முடியாது.

விலையை முதலில் ஏற்றிவிட்டு, ஏற்றிய விலையை அடித்துக் காட்டித் தள்ளுபடி தருவதாகச் சொல்வதும் சட்டத்திற்குப் புறம்பானது. ஒரு பொருள் வழக்கமாக என்ன விலைக்கு விற்கப்பட்டது என்பது பற்றி மக்களைத் தவறாக எண்ணவைப்பதை 2019ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(47) பிரிவு தனியாகவே குறிப்பிடுகிறது. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளையும் உள்ளடக்கிய விலை என்பதால், அதில் தள்ளுபடி அறிவித்துவிட்டுப் பில் போடும்போது வரியைத் தனியாகக் கூட்டுவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் குறைதீர் ஆணையம் 2017ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருக்கிறது.

ஏற்காட்டில் தண்ணீர் பாட்டிலுக்கும் நொறுக்குத்தீனிக்கும் எம்.ஆர்.பி.யைவிட அதிகம் கேட்கிறார்கள். மலைமேல் ஏற்றிவந்த கூலி என்கிறார்களே?

சில்லறைக் கடையில் அந்தக் காரணம் செல்லாது. பொட்டலப் பொருளின் மீது அச்சிட்டிருக்கும் விலைக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்க முடியாது; ஏற்றுகூலி, குளிரூட்டும் செலவு ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் கேட்கவும் முடியாது. தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை அமல்படுத்துவது தொழிலாளர் துறை என்பதால், இத்தகைய புகாரை அத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் அளிக்க வேண்டும். ஆனால், ஓட்டலில் உட்கார்ந்து, பரிமாறப்பட்டுச் சாப்பிடும்போது நிலைமை வேறு. அங்கே சேவையும் சேர்ந்திருப்பதால் எம்.ஆர்.பி. வரம்பு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

மலையில் வாங்கிய காபித்தூளும் தேனும் சுத்தமானவை என்று எப்படி நம்புவது?

காபித்தூளைப் பொறுத்தவரை லேபிளைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். சிக்கரி கலந்த தூளாக இருந்தால், காபி குறைந்தது 51 சதவீதம் இருக்க வேண்டும் என்றும், காபி எத்தனை சதவீதம், சிக்கரி எத்தனை சதவீதம் என்பதை லேபிளில் அச்சிட வேண்டும் என்றும் உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. முன்பக்கத்தில் தோட்டத்தின் படத்தைப் போட்டு "சுத்தமான ஏற்காடு காபி" என்று அச்சிட்டுவிட்டுச் சிக்கரியின் அளவைச் சொல்லாத பொட்டலத்தை வாங்காமல் இருப்பதே நல்லது. 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், தயாரித்தவரின் முகவரி, நிகர எடை, தயாரித்த மாதமும் ஆண்டும், விலை ஆகியவை இல்லாத பொட்டலத்தைப் பொறுத்தவரை, உள்ளே இருப்பது எவ்வளவு நல்ல சரக்காக இருந்தாலும் விதிமீறல் விதிமீறல்தான்.

தேனுக்குக் கண்பார்வைச் சோதனை உதவாது. தண்ணீரில் விட்டுப் பார்ப்பது, திரியில் தடவிக் கொளுத்துவது போன்ற வீட்டுச் சோதனைகள் சர்க்கரைப் பாகின் கலப்பை நிச்சயமாகக் காட்டிக்கொடுப்பதில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2006இன் 40ஆவது பிரிவின்படி, வாங்கியவரே கட்டணம் செலுத்தி மாதிரியை உணவுப் பகுப்பாய்வாளரிடம் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். பொருள் விதிக்கு மாறாக இருந்தால் அக்கட்டணம் திரும்பக் கிடைக்கும். தமிழ்நாட்டில் உள்ள அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களில் ஒன்று சேலத்திலேயே இருப்பது நமக்கு வாய்ப்பானது. உணவைப் பற்றிய பொய் விளம்பரத்துக்கு இச்சட்டத்தின் 53ஆவது பிரிவு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது.

இளம்பிள்ளைச் சேலை ஒன்றை வீடியோவில் பார்த்து, "ஒரிஜினல் பட்டு" என்று சொன்னதை நம்பி வாட்ஸ்அப் வழியே வாங்கினேன். வந்தது பட்டுப்போல் தெரியவில்லை. என்ன செய்வது?

முதலில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இளம்பிள்ளையில் நெய்யப்படும் சேலைகளில் பல செயற்கை இழைகளால் ஆனவை. அப்படிச் சொல்லி விற்கும்வரை அதில் குறை எதுவும் இல்லை. மலிவு விலைக்கு அழகான சேலை தரும் அந்த ஊரின் நெசவாளர்களுக்கும் நேர்மையான வியாபாரிகளுக்கும் கெட்ட பெயர் வாங்கித் தருவது, அதே சேலையைப் பட்டு என்று சொல்லி விற்பவர்கள்தான்.

சேலை வந்தவுடன் துவைக்கவும் கூடாது, ஃபால்ஸ் தைக்கவும் கூடாது. முந்தானையின் முனையிலிருந்து பாவு நூலில் சிலவற்றையும் ஊடை நூலில் சிலவற்றையும் தனித்தனியாக உருவிக் கொளுத்திப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பட்டைப் பயன்படுத்தி மற்றதில் வேறு நூலைக் கலப்பது உண்டு என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். அசல் பட்டு மயிர் கருகும் வாடையோடு மெல்ல எரிந்து, நெருப்பை விலக்கியதும் அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரிய சாம்பலை விடும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, நசுக்க முடியாத கெட்டி மணியாக நின்றுவிடும். விஸ்கோஸ் காகிதம்போல் எரியும். இது உங்கள் ஐயத்தை உறுதிப்படுத்திக்கொள்வதற்கு மட்டுமே. வழக்கில் நிற்பது ஆய்வகச் சான்றுதான். வழக்குத் தொடுத்தால், சேலையை உரிய ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாள்களுக்குள் அறிக்கை பெறும் அதிகாரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு உண்டு. சேலையைத் துவைக்காமல் வைத்திருக்கச் சொல்வது இதற்காகவே.

அடுத்து, விற்றவருக்கு எழுத்து மூலம் தகவல் கொடுங்கள். மின்வணிக விதிகள், 2020இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற மறுப்பதற்கோ பணத்தைத் திருப்பித் தர மறுப்பதற்கோ விற்பனையாளருக்கு உரிமை இல்லை. வீட்டிலிருந்தபடி வாட்ஸ்அப்பில் விற்பவர் என்பதால் விலக்கு கிடைத்துவிடாது. தொடர்ந்து வியாபாரமாகச் செய்யாத தனிநபருக்கு மட்டுமே அந்த விலக்கு. பொருளையே அனுப்பாமல் பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணை முடக்கிவிட்டவர் என்றால், அது நுகர்வோர் தகராறு என்பதைவிட மோசடி என்பதே பொருந்தும். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைப்பதுதான் முதல் வேலை, ஏனெனில் பணம் கைமாறிப் போவதற்குள் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது.

இனி வாங்குபவர்கள், பட்டு என்று சொல்லப்படும் சேலையில் மத்தியப் பட்டு வாரியம் ஆதரிக்கும் சில்க் மார்க் முத்திரை இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். சேலம் வெண்பட்டு, சேலம் ஜவ்வரிசி ஆகிய இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை என்பதால், வேறு ஊர்ச் சரக்கை அப்பெயர்களில் விற்பது தனிக் குற்றம்.

வெள்ளிக் கொலுசிலும் தங்க நகையிலும் "சேதாரம் இல்லை" என்ற விளம்பரங்களை நம்பலாமா?

மொத்த விலையைக் கணக்கிடாமல் நம்ப வேண்டாம். சேதாரத்தை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லிவிட்டு அதைச் செய்கூலியிலோ கிராம் விலையிலோ ஏற்றிவிட்டால், சொன்ன சொல் பொய்யாகிவிடுகிறது. தங்கத்தின் விலை, எடை, கல்லின் எடை, செய்கூலி, வரி ஆகியவை தனித்தனியாக எழுதப்பட்ட பில் இல்லாமல் அதை நிரூபிக்கவும் முடியாது. பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறைதான்.

தங்க நகைக்கு 2021 ஜூன் முதல் படிப்படியாக ஹால்மார்க் கட்டாயமானது. 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு குறியீடுகள் கொண்ட தனி அடையாள எண் இல்லாமல் ஹால்மார்க் நகையை விற்க முடியாது. அந்த எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் "பி.ஐ.எஸ். கேர்" செயலியில் கடையிலேயே சரிபார்க்கலாம். முத்திரையில் சொன்ன தரத்துக்குக் குறைவாக இருந்தால், குறைந்த தூய்மைக்கான மதிப்பைப்போல் இரு மடங்கும் பரிசோதனைக் கட்டணமும் இழப்பீடாகக் கிடைக்கும். வெள்ளிக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை. ஆகவே செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வாங்குபவர், எத்தனை டச் (வெள்ளியின் தூய்மை அளவு) என்பதைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல் பில்லில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். பிற்பாடு மாற்றப் போகும்போது அந்த எழுத்து ஒன்றுதான் உங்கள் பக்கம் நிற்கும்.

"நாங்கள் விற்பவர்கள் அல்ல, இடம் கொடுப்பவர்கள் மட்டுமே" என்று இணைய நிறுவனம் கை விரித்தால்?

முழுவதுமாகக் கை விரிக்க முடியாது. குறைதீர் அலுவலரின் பெயரையும் தொடர்பையும் அந்நிறுவனம் வெளியிட்டிருக்க வேண்டும். அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். விற்பனையாளரின் முகவரி, பொருள் தயாரான நாடு, திருப்பி அனுப்பும் நிபந்தனை ஆகியவை வாங்குமுன்பே திரையில் தெரிய வேண்டும். விற்பனையாளர் போடும் படமும் விவரமும் உண்மையான பொருளோடு பொருந்தும் என்ற உறுதிமொழியை அவரிடமிருந்து பெற்றிருக்க வேண்டியதும் அந்நிறுவனமே. வழக்குப் போடும்போது இருவரையும் எதிர்தரப்பினராகச் சேர்ப்பதே பாதுகாப்பானது.

அறை முன்பதிவு செய்யும்போது முதலில் ஒரு விலையும் கடைசியில் வேறொரு விலையும் காட்டப்படுகிறது. இதற்குச் சட்டம் உண்டா?

உண்டு. கோடை விழாக் காலத்தில் ஏற்காட்டில் அறை தேடுபவர்கள் இதை நன்கு அறிவார்கள்: தேடும்போது 2,000 ரூபாய் என்று இருந்தது, பணம் கட்டும் பக்கத்தில் ஏதேதோ கட்டணங்கள் சேர்ந்து 2,700 ஆகியிருக்கும்; பக்கத்தில் "ஒரே ஒரு அறைதான் மீதி" என்று சிவப்பு எழுத்து மின்னும். டார்க் பேட்டர்ன் எனப்படும் இத்தகைய 13 உத்திகளை மத்திய ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று பட்டியலிட்டுத் தடை செய்தது. விலையைச் சொட்டுச் சொட்டாக வெளியிடுவது, இல்லாத அவசரத்தை உண்டாக்குவது, கேட்காத காப்பீட்டையோ நன்கொடையையோ கூடையில் நுழைப்பது, சந்தாவில் சேர்வதை எளிதாக்கி விலகுவதைக் கடினமாக்குவது ஆகியவை அவற்றில் அடங்கும். முன்கூட்டியே டிக் செய்யப்பட்ட பெட்டியை உங்கள் சம்மதமாகக் கொள்ள முடியாது என்று 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளும் சொல்கின்றன.

ரீல்ஸில் கடைகளைப் புகழ்பவர்களுக்குப் பொறுப்பு உண்டா?

உண்டு. பணமோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு புகழ்ந்தால், அது விளம்பரம் என்பதை வீடியோவுக்குள்ளேயே, பேசும் மொழியிலேயே தெரிவிக்க வேண்டும். கீழே உள்ள குறிப்பில் ஒளித்துவைத்தால் போதாது. பொய் விளம்பரத்துக்கு மத்திய ஆணையம் 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். புகழ்ந்தவரை ஓராண்டு, அடுத்த முறை மூன்றாண்டு வரை விளம்பரங்களில் தோன்றாமல் தடுக்கலாம். சொல்வது உண்மைதானா என்று உரிய கவனத்தோடு விசாரித்துப் பார்த்தவருக்கு மட்டும் விலக்கு உண்டு. விற்பவரே வாங்கியவர்போல் நடித்துப் பாராட்டு எழுதுவதும் தடை செய்யப்பட்டதே.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று பில்லில் அச்சிட்டிருந்தால்?

குறையுள்ள பொருளுக்கு அந்த வரி பொருந்தாது. பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை. குறை எதுவும் இல்லாமல், நிறம் பிடிக்கவில்லை என்பதற்காகத் திருப்பித் தரும் உரிமையைச் சட்டம் தரவில்லை; அது கடைக்காரரின் விருப்பம்.

மறுவிற்பனைக்காகச் சரக்கு எடுத்து ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

போக முடியாது, இது பலருக்கு ஏமாற்றமளிக்கும் பதில். மறுவிற்பனைக்காக வாங்குபவரைச் சட்டம் நுகர்வோராகக் கருதுவதில்லை. அவர் உரிமையியல் நீதிமன்றத்தையோ, மோசடி என்றால் காவல் துறையையோதான் நாட வேண்டும். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகத் தையல் இயந்திரம் வாங்கிய பெண் நுகர்வோர்தான். வாட்ஸ்அப் குழுவில் சேலை விற்றுக் குடும்பம் நடத்தும் எத்தனையோ பெண்கள் இந்த வேறுபாட்டின் தவறான பக்கத்தில் நிற்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது. இவர்களுக்கும் ஒரு பாதுகாப்பு கிடைக்கும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும் என்றே கருதுகிறேன்.

என்னென்ன ஆதாரங்களை வைத்திருக்க வேண்டும்?

பெரும்பாலான புகார்கள் வலுவிழப்பது சட்டத்தில் அன்று, இங்கேதான். பில்லை எல்லோரும் பத்திரப்படுத்துகிறார்கள். எந்தச் சொல்லை நம்பி வாங்கினோமோ அதைப் பத்திரப்படுத்துவதில்லை. புகார் கொடுத்த மறுநாளே இணையப் பக்கத்தின் வாசகம் மாறிவிடலாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒரு நாளில் தானாகவே மறைந்துவிடும். எனவே பணம் கட்டும் முன்பே, விலையும் விவரமும் தேதியும் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்க வேண்டும். நோட்டீஸைத் தேதி குறித்து மடித்துவைக்க வேண்டும். விலை உயர்ந்த பார்சலைப் பிரிக்கும்போது, முகவரிச் சீட்டிலிருந்து தொடங்கி இடைவெளியில்லாமல் வீடியோ எடுப்பது நல்லது. கடையில் வாய்மொழியாகச் சொன்ன உத்தரவாதத்தைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால், வாங்குவதா என்பதை அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

எங்கே, எவ்வளவு செலவில் புகார் கொடுப்பது?

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைத் தமிழிலேயே அழைக்கலாம்; அவர்கள் புகாரைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்புவார்கள், பல சிறு தகராறுகள் அத்துடன் தீர்ந்துவிடுகின்றன. உங்களுக்கு மட்டுமின்றிப் பலருக்கும் கேடு செய்யும் பொய் விளம்பரம் என்றால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ மத்திய ஆணையத்திடமோ புகார் அளிக்கலாம்.

பணமும் இழப்பீடும் வேண்டுமென்றால் சேலத்திலுள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை நாட வேண்டும். பொருளுக்காகக் கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் அங்கேயே வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது. விற்ற நிறுவனம் டெல்லியில் இருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடுக்க 34ஆவது பிரிவு இடமளிப்பதுதான் இச்சட்டத்தின் பெரிய கொடை என்பேன். வழக்கறிஞர் கட்டாயமில்லை, இணையம் வழியாகவும் மனு அளிக்கலாம். காலவரம்பு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். எதிர்தரப்புக்கு அறிவிப்பு கிடைத்ததிலிருந்து மூன்று மாதத்திலும், ஆய்வகப் பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம்; நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகிறது என்பதை மனத்தில் கொண்டு தொடங்குவது நல்லது. பணத்தைத் திருப்பித் தரச் சொல்வதோடு, இழப்பீடும் செலவுத்தொகையும் வழங்கவும், பொய் விளம்பரத்துக்குத் திருத்த விளம்பரம் வெளியிடவும் ஆணையம் உத்தரவிடலாம்.

தீர்ப்பு வந்த பிறகும் பணம் தராவிட்டால்?

எதிர்தரப்பு 45 நாள்களுக்குள் மாநில ஆணையத்தில் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு, செலுத்த உத்தரவிடப்பட்ட தொகையில் பாதியைக் கட்டியாக வேண்டும். மேல்முறையீடும் செய்யாமல், உத்தரவையும் நிறைவேற்றாமல் இருந்தால், உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பைப்போலவே அதை நிறைவேற்றித் தரும்படி 71ஆவது பிரிவின்கீழ் அதே ஆணையத்தில் மனு கொடுக்கலாம். 72ஆவது பிரிவின்கீழ் தண்டனையும் கோரலாம்: ஒரு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய்க்குக் குறையாமல் ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.